ருக்குமணிக்கு ஒரு கேபினட்

தை மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, அதாவது கேபினட் வீதியின் எல்லாக் கடைகளுக்கும் டீ வந்து சேருகிற நேரத்தில், நாச்சிமுத்துவின் மனைவி ருக்குமணி ஒரு கையால் தீப்பெட்டியைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே, மறுகையின் விரலிடுக்கில் இருந்த ஊதுபத்தி தானாகப் பற்றிக்கொண்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தீக்குச்சி மிச்சம் என்று நினைத்துக்கொண்டு, புகைகிற பத்தியைப் புதுக் கேபினட்டின் முன்வாய்க்கு நேராகப் பிடித்தாள். புகை உள்ளே நுழைந்து, எங்கும் தங்காமல், பின்பக்கத்து ஃபேன் வழியாக நூல் பிடித்ததுபோல வெளியேறியது. "ம்" என்று சொல்லி அதன் முதுகில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்ததை இழுத்தாள். இழுத்த கேபினட்டின் அடியிலிருந்த ரப்பர் கால்கள் அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் வெல்லப்பாகாக இளகின. அப்போதுதான் அவள் நிமிர்ந்து, "ஏனுங்க, இந்தத் தடவை ரப்பரு ரொம்ப மட்டமுங்க" என்றாள்.

கோயமுத்தூரில் கணபதிக்கு அந்தப்பக்கம், லேத் பட்டறைகளும் பம்ப்செட் பட்டறைகளும் முடிகிற இடத்தில் இருக்கிறது கேபினட் வீதி. கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளை வைத்து மூடுகிற பெட்டிக்குத்தான் கேபினட் என்று பெயர். அதைத் தகடு வெட்டி, மடித்து, துளை போட்டு, பவுடர் கோட்டிங் அடித்து விற்கிற பத்தொன்பது கடைகள் அங்கே இருந்தன. அந்த வீதிக்காரர்களுக்கு உலகத்தில் இரண்டே விஷயங்கள் தெரியும், ஒன்று தகடு, இன்னொன்று காற்று. எந்தத் தகடு எத்தனை கேஜ், எதை மெலிதாக்கினால் விலை எவ்வளவு குறையும், எவ்வளவு மெலிதானால் ஃபேன் சுற்றும்போது பெட்டி கிடுகிடுவென்று ஆடும் என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். காற்று முன்னால் நுழைந்து பின்னால் போக வேண்டும், சூடான காற்று மேலே ஏறும் என்பதால் உச்சியிலும் ஒரு வழி வேண்டும், உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் தூசி அண்டாது என்பதையெல்லாம் கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் எதிர் இலைக்காரருக்குப் பாடமெடுத்து முடித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு கடையிலும் இரண்டு வெப்பமானிப் பலகைகள் தொங்கும். ஒன்று பெட்டிக்குள்ளே இருக்கிற சூட்டைக் காட்டும், இன்னொன்று வெளியே இருக்கிற சூட்டை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வீதியில் ஒரு மனிதனின் மதிப்பு. பத்து டிகிரி வித்தியாசம் என்றால் பரவாயில்லை, ஏழு என்றால் கைகாரன், ஐந்துக்கு வந்துவிட்டால் டீக்கடையில் அவனுக்கு நாற்காலி தானாக நகரும். உள்ளே ஒரு எண் குறைகிறபோதெல்லாம் சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவது அங்கே வழக்கம், யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை. இரண்டு பலகையும் ஒரே எண்ணைக் காட்டுவது மட்டும் இதுவரை எவனுக்கும் வாய்த்ததில்லை. சூடு பிறக்கிற பெட்டி எப்படி வெளியோடு ஒன்றாகும், அது நடக்கிற காரியமில்லை என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் எல்லோருக்கும் அதுவே கனவு.

ஆனால் கடைசி வார்த்தை ஊதுபத்தியுடையது. பலகை பொய் சொல்லும், புகை சொல்லாது என்பது வீதியின் நம்பிக்கை. புதுசாக எவன் ஒரு பெட்டி செய்தாலும் அதை நாச்சிமுத்து கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவான், ருக்குமணி பத்தியைக் கொளுத்தி முன்னால் பிடிப்பாள், புகை போகிற போக்கை ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். அவள் "ம்" என்றால் விற்கலாம். ஒன்றும் சொல்லாமல் பத்தியை எடுத்துவிட்டால் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியதுதான். இருபத்தாறு வருஷமாக அவள் பேசிய பேச்சில் பாதி அந்த "ம்" ஆகத்தான் இருக்கும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நாச்சிமுத்து ஒரு காரியம் செய்தான். அதுவரை எல்லாக் கேபினட்டுக்கும் முன்புறம் சல்லடைத் தகடுதான். அதை எடுத்துவிட்டு, உள்ளே எரிகிற கலர் லைட்டுகள் தெரியும்படி முகம் முழுவதும் லேசில் உடையாத டஃபன் கண்ணாடி போட்டான். ருக்குமணி பத்தியைப் பிடித்தாள். புகை கண்ணாடியில் முட்டி, மேலே ஏறி, வந்த வழியே திரும்பியது. அவள் ஒன்றும் சொல்லாமல் பத்தியை எடுத்துவிட்டாள். ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டி சல்லடைப் பெட்டியைவிடத் தொள்ளாயிரம் ரூபாய் அதிக விலைக்குப் போகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, போகவும் போனது, ஒரே வருஷத்தில் வீதி முழுவதும் கண்ணாடிக்கு மாறியது. "காத்த ஆரு பாக்கறா, ருக்கு? கண்ணாடியத்தான் பாக்கறாங்க" என்று சிரித்தான். அன்றைக்கு அந்தப் பெட்டியின் முதுகில் டிக் போட்டது நாச்சிமுத்துவின் கை.

மனைவியின் உடம்பு சுடுகிறது என்று நாச்சிமுத்து முதலில் டாக்டரிடம்தான் கூட்டிப்போனான். டாக்டர் வைத்த தெர்மாமீட்டர் அதன் கடைசிக் கோட்டைத் தாண்டி உடைந்தது. இன்னொன்று வைத்தார், அதுவும் உடைந்தது. நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார், பசிக்கிறதா என்று கேட்டார், நன்றாகப் பசிக்கிறது என்று அவள் சொன்னாள், அப்படியானால் இது காய்ச்சல் இல்லை என்று சொல்லி இரண்டு தெர்மாமீட்டருக்கும் சேர்த்து பில் போட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டில் ரெக்ஸின் கருகுகிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

வீதி அவளை எடுத்துக்கொண்ட விதம்தான் பெரிய கதை. தை மாசக் குளிரில் உறையாத தயிரை முதலில் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு மரகதம். "அக்கா, சித்த நேரம் மடியில வெச்சுக்குங்க" என்று தூக்குப்போசியை நீட்டினாள்; அரை மணி நேரத்தில் கத்தி போட்டு வெட்டுகிற மாதிரி உறைந்தது. மறுநாள் ஒன்பது போசிகள் வந்தன. அதற்கடுத்த நாள் பொங்காத இட்லி மாவு, காயாத வடகம், மழையில் நனைந்த பள்ளிக்கூடச் சட்டைகள், நமுத்துப்போன முறுக்கு. மாசி மாதத்துப் பனியில் காலை ஆறு மணிக்கு அவள் கோலம் போட வாசலுக்கு வந்தால், பால்காரரும் பேப்பர்காரரும் பெட்டிக்கடைக்காரரும் கையை நீட்டிக்கொண்டு அவளைச் சுற்றி நின்று அரசியல் பேசினார்கள். யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. எப்போது வரலாம் என்றுதான் கேட்டார்கள். ருக்குமணியும், பிள்ளை இல்லாத வீட்டில் இத்தனை பேர் வந்துபோகிறார்களே என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

நாச்சிமுத்துவுக்கு மட்டும் இதில் சந்தோஷமில்லை. அவன் தொழில் சூட்டோடு செய்கிற தொழில், எந்தச் சூடும் ஏறிய இடத்தில் நிற்காது என்று அவனுக்குத் தெரியும். மாசிக் கடைசியில் அவள் படுத்த பாயில் அவள் உருவம் பழுப்பாக விழுந்தது. பங்குனி பிறந்தபோது அவள் சாய்ந்து உட்காருகிற சுவரில் சுண்ணாம்பு வெடித்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனைவியின் கையை வேலை இல்லாமல் அவன் பிடித்ததே கிடையாது, அவர்கள் பக்கத்து வழக்கம் அப்படி. இப்போது ஒரு நாள் பயத்தில் பிடித்தான், பிடித்த வேகத்தில் விட்டான், உள்ளங்கையில் நான்கு கொப்புளம். அவள் அவனைப் பார்த்த பார்வையில் குற்றம் செய்தவளின் கூச்சம் இருந்தது. "தண்ணியில வைங்க, தண்ணியில வைங்க" என்று பதறினாள். அவன் சொம்புக்குள் கையை விட்டுக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் அழுதான்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் வியாபாரிகள் சங்கத் தலைவர் கோவிந்தராசு வீட்டு மாடியில் கூட்டம் போட்டார்கள். கோவிந்தராசு தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டரு கைய விரிச்சாச்சு. இது சூட்டு சமாச்சாரம். சூட்டு சமாச்சாரம்னா அது நம்ம சமாச்சாரம். அக்காளுக்கு நாம ஒரு கேபினட் செய்யாம வேற எவன் செய்வான்?" என்றார். பத்தொன்பது கடைக்காரர்களும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள், அதில் பொய் கிடையாது. ஆனால் கண்ணீர் காய்வதற்கு முன்பே பென்சிலை எடுத்துவிட்டார்கள், அதிலும் பொய் கிடையாது.

பத்தடிக்கு எட்டடி, உயரம் ஒன்பதடி. வீதி முனையில் இருந்த காலி ஷெட்டில் வைப்பது. அலுமினியத்தில் செய்வோம் என்றார் கோவிந்தராசு. அது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும், செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்றார். நாச்சிமுத்து உடனே, யோசிக்காமலே, "அலுமினியம் எதுக்குங்ணா, ரெண்டு மடங்கு வெலை. இரும்புத் தகடே போதும். ஒரு எம்.எம். கனம் வேண்டாம், முக்கால் எம்.எம். போடலாம், தாங்கும்" என்று சொல்லிவிட்டான். முப்பது வருஷமாக ஒவ்வொரு பெட்டிக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. சொன்ன பிறகுதான் யாருக்கான பெட்டி என்பது அவனுக்கு உறைத்தது. அதற்குள் எல்லோரும் தலையாட்டி எழுதிக்கொண்டுவிட்டார்கள், தானே வாயைத் திறந்து திருத்தவும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

ஃபேன் கடை இஸ்மாயில் பாய் பன்னிரண்டு பெரிய ஃபேன்களைக் காசு வாங்காமல் தந்தார். கண்ணாடிக்கடை தேவசகாயம் எட்டடி உயரத்துக்கு ஒரே துண்டாக டஃபன் கண்ணாடி கொண்டுவந்து முன்பக்கம் மாட்டச் சொன்னார். "அண்ணனுக்கு அக்காளப் பாத்துக்கிட்டே இருக்கணுமில்லீங்களா, சுத்தித் தகடு அடிச்சா அது ஜெயிலாட்டம் ஆயிருமுங்க" என்றார். எல்லோருக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது. ஷெட்டின் ஓரத்தில் தள்ளி உட்கார்ந்திருந்த ருக்குமணி, அவளைச் சுற்றியிருந்த காய்ந்த புல் பொசுங்கிக்கொண்டிருக்க, "ஏனுங்க, முன்னாடி சல்லடையே வெச்சரலாமுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அளவு எடுத்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாத்துக்கலாம், ருக்கு" என்றான்.

சித்திரை ஒன்றாம் தேதி அவள் உள்ளே போனாள். மரகதம் அவளுக்கு ஒரு கல் பெஞ்சு கொடுத்தாள். வீதியே கூடி நின்றது. பன்னிரண்டு ஃபேனும் சுற்றத் தொடங்கின, பெட்டிக்கு மேலே மாட்டிய இரண்டு பெரிய பலகைகளில் சிவப்பு எண்கள் எரிந்தன, உள்ளே ஐம்பத்திரண்டு, வெளியே முப்பத்துநான்கு. ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தொன்று, கைதட்டல். ஐம்பது, கைதட்டல். நாற்பத்தெட்டு ஆனபோது இஸ்மாயில் பாய் நாச்சிமுத்துவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ருக்குமணி தலைமயிர் பறக்க உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

நாற்பத்தெட்டோடு அது நின்றது. நான்காம் நாள் ஏறத் தொடங்கியது. ஐம்பத்துமூன்றானதும் வீதி இன்னும் ஆறு ஃபேன் வைத்தது. ஐம்பத்தேழானதும் இன்னும் ஆறு. சூடு கூடினால் ஃபேன் கூட்டு என்பது அவர்கள் பிறந்ததிலிருந்து படித்த பாடம். இருபத்துநான்கு ஃபேன்கள் போட்ட இரைச்சலில் ஷெட்டுக்குள் பேசுகிறவன் பேச்சு அவன் காதுக்கே எட்டவில்லை. உள்ளே ருக்குமணி வாயை அசைப்பது தெரிந்தது. என்ன என்று நாச்சிமுத்து கையால் கேட்டான். அவளும் கையால் எதையோ காட்டினாள், கண்ணாடியைக் காட்டினாள், கீழே காட்டினாள், மூக்கைக் காட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்றார் கோவிந்தராசு. இல்லை, சாமி கும்பிடச் சொல்கிறாள் என்றாள் மரகதம்.

ஏனென்றால் அதற்குள் ஊதுபத்தி ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீதிக்காரர்கள் வந்தார்கள், பிறகு பீளமேட்டிலிருந்தும் சிங்காநல்லூரிலிருந்தும் வந்தார்கள். அக்கினியாக ஒரு பெண் கண்ணாடிக்குள் அமர்ந்திருக்கிறாள் என்றால் யார்தான் வராமல் இருப்பார்கள். கண்ணாடிக்கு முன்னால் மணல் தட்டு வைத்து, கட்டுக்கட்டாகப் பத்தி ஏற்றினார்கள். வீதியில் யாரோ, அக்காள் முகம் இருட்டில் தெரியவில்லையென்று, பெட்டிக்குள் கலர் லைட்டு மாட்டினார்கள். வெளியூர் வியாபாரிகள் வந்து பார்த்துவிட்டு அதே முகப்பில் சின்னப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார்கள். 'ருக்குமணி மாடல்' என்று அதற்குப் பெயரும் அமைந்துவிட்டது, பத்தொன்பது கடையிலும் ஆர்டர் பிய்த்துக்கொண்டு போனது. யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லோரும் ஒவ்வொரு நாளும் அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடை திறந்தார்கள்.

நாச்சிமுத்து எந்நேரமும் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தான். அடிப்பக்கத்துச் சின்னக் கதவு வழியாக அவன் தள்ளுகிற தயிர்சாதம் அவள் எடுப்பதற்குள் வற்றலானது. அவள் மெலிந்துகொண்டே போவதையும், எண் ஏறிக்கொண்டே போவதையும், அவள் உதடு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதையும் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவனால் ஒன்றும் ஆகவில்லை. ஃபேனை நிறுத்தினால் அவள் குரல் கேட்கும். நிறுத்தினால் அந்த நிமிஷமே எண் எங்கே போகுமோ. நிறுத்தலாமா என்று கோவிந்தராசுவின் காதில் கத்திக் கேட்டான். அவர் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். ராத்திரியும் பகலும் அவன் மனசு இந்த இரண்டுக்கும் நடுவிலேயே செக்கு சுற்றியது.

சித்திரை இருபதாம் தேதி, வெளியே லேசாகத் தூறி ஓய்ந்திருந்த பகல் இரண்டு மணிக்கு, கரண்டு போனது.

இருபத்துநான்கு ஃபேனும் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. ஷெட்டில் நின்றிருந்த இருநூறு பேரும் பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். கோவிந்தராசுவின் ஆள் ஜெனரேட்டரைக் கிளப்ப ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. பலகை பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது, உள்ளே அறுபத்தொன்று, வெளியே முப்பத்துமூன்று. அப்போது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, இருபது நாளாகக் கத்திக் கத்தித் தேய்ந்துபோன ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க."

நாச்சிமுத்து கண்ணாடியில் காதை ஒட்டினான். காது சுட்டது, எடுக்கவில்லை.

"அந்தப் பத்தியப் பாருங்க. இத்தன நாளா சொல்றனுங்க. புகை உள்ள வருதானு ஆராச்சும் பாருங்க."

அவன் குனிந்து பார்த்தான். முந்நூறு ஊதுபத்திகளின் புகையும் கண்ணாடியை முட்டி, மேலே ஏறி, வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. ஃபேன் நின்றதனால் இப்படி ஏறவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்த இருபது நாளும் அது இப்படித்தான் ஏறியது. தினமும் காலையில் தேவசகாயத்தின் ஆள் கண்ணாடியிலிருந்து காகிதத்தால் தேய்த்துத் துடைத்த பழுப்புப் புகைக்கறையை இவனே பார்த்திருக்கிறான். இருபத்துநான்கு ஃபேனும் அவள் விட்ட மூச்சையே அவளைச் சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருந்தன. தகட்டையும் காற்றையும் தவிர வேறு தெரியாத பத்தொன்பது கடைக்காரர்களும் அந்தப் புகைக்கு நேராக நின்று, கையைக் கூப்பி, கண்ணை மூடியிருந்தார்கள்.

"சல்லடை வைங்கன்னு அன்னைக்கே சொன்னனுங்களே" என்றாள் ருக்குமணி. கோபமே இல்லை அந்தக் குரலில், அதுதான் அவனைக் கொன்றது. "கண்ணாடி நீங்க பாக்கறதுக்குங்க. எனக்கு என்னத்துக்குங்க அது? ஏனுங்க, ஒருக்கா மட்டும்..."

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. இருபத்துநான்கு ஃபேனும் ஒரே வீச்சில் இரைந்தன. அவள் உதடு தொடர்ந்து அசைந்தது, ஒருக்கா மட்டும் என்ன என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாமலே போனது.

அவன் பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடியின் ஸ்குரூக்கள் மேல் விழுந்தான். ஒன்றுகூட அசையவில்லை. சூட்டில் உப்பிய முக்கால் எம்.எம். இரும்பு நெளிந்து ஸ்குரூக்களை இறுகக் கவ்விக்கொண்டிருந்தது. முஷ்டியால் குத்தினான், டஃபன் கண்ணாடியை நடுவில் குத்தி எவனும் உடைத்ததில்லை, அதை விற்றவனுக்கே அது தெரியாதா. தேவசகாயம் ஓடிவந்து, "அண்ணா வேண்டாங்ணா, வேண்டாங்ணா" என்று இடுப்பைப் பிடித்து இழுத்தார். அவரை உதறிவிட்டு, அந்தக் கண்ணாடி உடைகிற ஒரே இடமான கீழ் மூலையைத் தேடிப் பார்த்து, திருப்புளியின் பிடியால் ஓங்கி ஒரு போடு போட்டான். எட்டடிக் கண்ணாடியும் கல்கண்டாக உதிர்ந்து அவன் காலடியில் கொட்டியது.

அடைபட்டுக் கிடந்த அனல் அவனை நான்கடி பின்னால் தள்ளியது. பிறகு ஷெட்டுக்குள் இருந்த காற்று மொத்தமும், வீதியில் தூறலில் குளிர்ந்திருந்த காற்று மொத்தமும், கூட்டத்தின் முந்தானைகளையும் வேட்டிகளையும் இழுத்துக்கொண்டு பெட்டிக்குள் பாய்ந்தது. முந்நூறு பத்தியின் புகையும் திரண்டு, ருக்குமணியின் இரண்டு பக்கமும் ஓடி, எங்கும் தங்காமல், பின்பக்கத்து ஃபேன்கள் வழியாக நூல் பிடித்ததுபோல வெளியேறியது. அவள் ஒரு கண்ணைச் சுருக்கி அது போகிற போக்கைப் பார்த்தாள். தலையை லேசாக ஆட்டினாள். இரைச்சலில் கேட்கவில்லை, ஆனால் வாய் மூடியபடி தொண்டை மட்டும் அசைந்ததை அவன் கண்டான். "ம்" என்றிருக்கிறாள். ஆள்காட்டி விரலால் அந்தரத்தில் ஒரு டிக் போட்டாள். கல் பெஞ்சில் சாய்ந்துகொண்டாள்.

பலகையில் எண் இறங்கத் தொடங்கியது.

ஐம்பத்தைந்து. கூட்டம் கைதட்டியது. நாற்பத்தொன்பது, நாற்பத்துநான்கு, ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள், மரகதம் குலவையிட்டாள், கோவிந்தராசு துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றினார். நாற்பது. முப்பத்தொன்பது. முப்பத்தேழு என்று வந்தபோது நாச்சிமுத்துவும் கைதட்டினான். மனுஷ உடம்புக்கு உண்டான எண் அது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அவன் தட்டிய கைதட்டல் அங்கே எல்லோருடையதையும்விடப் பலமாக இருந்தது.

முப்பத்தாறு. கைதட்டினார்கள்.

"போதும்" என்றான் நாச்சிமுத்து.

முப்பத்தைந்து. கைதட்டினார்கள்.

"போதுமுங்க, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு அவன் சுவிட்சுப் பலகைக்கு ஓடினான், இருபத்துநான்கு சுவிட்சையும் ஒவ்வொன்றாக அடித்து அணைத்தான், ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன, நிற்க நிற்க அந்த இடம் அமைதியானது, அமைதியில் கைதட்டல் மட்டும் இன்னும் தெளிவாகக் கேட்டது. பலகைக்குச் சுவிட்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது முப்பத்துநான்கு என்றது. கொஞ்சம் யோசிப்பதுபோல நின்று, முப்பத்துமூன்று என்றது.

உள்ளே முப்பத்துமூன்று. வெளியே முப்பத்துமூன்று.

கேபினட் வீதி இரண்டு பலகையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு ஷெட்டின் கூரை அதிர்ந்தது. இஸ்மாயில் பாய் யாரையோ தோளில் தூக்கினார். கோவிந்தராசு கண்ணீர் வழிய நாச்சிமுத்துவின் முதுகில் அறைந்து, "அண்ணா, ரெண்டும் ஒண்ணாயிருச்சுங்ணா! நம்ம வீதியில எவனும் பண்ணாததப் பண்ணிட்டீங்ணா!" என்று கத்தினார்.

நாச்சிமுத்து அவரைத் தாண்டி, உதிர்ந்த கண்ணாடியை மிதித்துக்கொண்டு உள்ளே போனான். கல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இரண்டாவது தடவையாக, வேலை எதுவும் இல்லாமல், மனைவியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். சுடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துப் பார்த்தான். வெளியே கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.